படல் தாண்டிய பெண்குதிரைகள்

மாட்டுக்கும் குதிரைக்கும் சுழி பார்த்து விலை பேசும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலம் நிலவியது. நெற்றியிற் சுழி எங்கே அமைந்தது, கழுத்திலே எத்தனை, அவை உடையவனுக்கு ஆக்கம் தருமா கேடு தருமா என்றெல்லாம் அறிந்தவரை அழைத்துக் கேட்டபின்னரே பணம் கைமாறியது. மேனாட்டாரும் குதிரையை மதிப்பிடுதலை ஒரு கலையாகவே வளர்த்தனர். ஆயினும் அவர்கள் பார்ப்பது சுழியன்று. அதன் தந்தை எது, தாய் எது, எந்த ஓட்டத்தில் எதனை வென்றது, வென்றபோது எத்தனை இறாத்தல் நிறையைச் சுமந்தது, அன்று தரை ஈரமாயிருந்ததா உலர்ந்திருந்ததா என்று ஒவ்வொன்றையும் ஏட்டில் எழுதி வைத்துக் கணக்குப் போடுகின்றனர். அக்கணக்கு எந்த அளவிற்கு மெய்யாகிறது, எவ்விடத்திற் பொய்த்துப்போகிறது என்பதற்கு இங்கிலாந்திலே செல்ற்றனம் என்னும் நகரில் ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் நடைபெறும் ஒரு பந்தயத்தைப் போல் நல்ல சான்று பிறிதில்லை. புதுமுகப் பெண்குதிரைகளுக்கென ஏற்பட்ட படல் தாண்டும் பந்தயம் அது.

நேயர்கள் பலருக்குக் குதிரைப் பந்தயம் என்றால் நுவரெலியாவின் ஏப்பிரல் விழாவும், முற்காலத்துக் கொழும்புப் பந்தயத் திடலுமே நினைவுக்கு வரும். அவை தடையற்ற சமதள ஓட்டங்கள். செல்ற்றனத்திலே நிகழ்வது வேறு. அங்கே குதிரை ஓடுவது மட்டுமன்று, தாண்டவும் வேண்டும். தாண்டும் பந்தயங்கள் இரு வகைப்படும். குறைந்தது நாலரை அடி உயரமான தடித்த செடிவேலிகளைத் தாண்டுவது ஒருவகை. மூன்றரை அடி உயரமுள்ள இலேசான படல்களைத் தாண்டுவது மற்றையது. படல் என்னும் சொல்லை இங்கு ஆள்வது உவமைக்காக அன்று. ஆட்டுப்பட்டியை அடைப்பதற்குக் கிளைகளைப் பின்னிச் செய்த தட்டியை நம்மவர் படல் என்பர். யாழ்ப்பாணத்து வீட்டு வாயிலிலுள்ள படலையும் அதன் உறவே. ஆங்கிலேயரும் அதே ஆட்டுப்பட்டித் தட்டிகளைத்தான் புல்வெளியில் நாட்டிக் குதிரைகளைத் தாண்டச் செய்தனர். பிறைற்றனுக்கு அருகே வேட்டையாடச் சென்ற இளவரசர் ஒருவர் பொழுதுபோக்காக இதனைத் தொடங்கினார் என்று கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், பிறிஸ்ரல் நகருக்கு அண்மையில் 1821ஆம் ஆண்டில் இத்தகைய பந்தயம் ஒன்று நடந்தமைக்குப் பதிவுண்டு.

இவ்வகைப் பந்தயங்களுக்கெல்லாம் முடிமணி போன்றது செல்ற்றனத்தின் வாகைப் படல் பந்தயம். அது 1927இல் தொடங்கியது. அந்த ஆண்டு முதல் 2015 வரையுள்ள நீண்ட காலத்தில் அதனை வென்ற பெண்குதிரைகள் மூன்றே மூன்று. 1939இல் ஆபிரிக்கன் சிஸ்ரர், 1984இல் டோன் றன், 1994இல் பிளேக்கி டவ். மற்றெல்லா ஓட்டங்களிலும் ஆண்குதிரைகளே வென்றன. அவற்றுள்ளும் மிகப்பல நலமடித்த குதிரைகள். பெண்குதிரை வலுவற்றது என்று இதனாற் கொள்வது பொருந்தாது. காரணம் பெரும்பாலும் பொருளாதாரம் பற்றியது. தாண்டும் பந்தயத்திற்கு உரிய ஆண்குதிரையை நலமடித்து, நான்கு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையும் ஓடவிட்டுப் பயன்கொள்ளலாம். பெண்குதிரையோ குட்டி ஈனுவதற்கு வேண்டப்படுவது. சிறிது திறமை காட்டியதும் அதனை லாயத்திலிருந்து தாய்ப்பண்ணைக்கு அனுப்பினர். திறமை காட்டாததை வாங்குவாரில்லை. ஆகவே விற்பனைக் களத்திற் பெண்குதிரைக்கு விலை குறைந்தது. விலை குறைந்ததனாற் சிறந்த பயிற்றுநர்கள் அதனை நாடவில்லை. பயிற்சி குறைந்ததனால் வெற்றியும் குறைந்தது. பெண்பிள்ளையைப் படிப்பிக்காமல் வைத்துவிட்டு, அவளுக்குப் படிப்பு வராது என்று சொல்லும் வழக்கம் ஒருகாலத்தில் எங்கும் இருந்ததல்லவா? அத்தகையதே இதுவும்.

ஆண்குதிரைகளோடு கலந்து ஓடும்போது பெண்குதிரைக்கு நிறையிற் சலுகை உண்டு. டோன் றன் ஓடிய நாளில் அது 5 இறாத்தல். பின்னர் 7 இறாத்தலாயிற்று. இச்சலுகை நியாயமா என்னும் வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

டோன் றன் என்னும் இப்பெயரிடத்திற் சற்றே தரித்துச் செல்லுதல் வேண்டும். புதுமுகப் பெண்குதிரைகளின் பந்தயம் இன்று அதன் பெயரையே தாங்கியுள்ளது. 1978இல் அயர்லாந்திற் பிறந்த இக்குதிரையைச் சார்மியன் ஹில் என்னும் மூதாட்டி 5,800 கினிக்கு வாங்கினார். கினி என்பது ஒரு பவுணும் ஒரு சிலிங்கும் சேர்ந்த பழைய கணக்கு. குதிரை விற்பனையில் அது அழியாமல் நிலைத்தது. ஹில் அம்மையார் அறுபது வயதைக் கடந்தவர். எனினும் 1982இல் தம் குதிரையின் முதல் ஓட்டங்களிலே தாமே ஏறிச் சவாரி செய்து, திறலீ என்னும் ஊரில் வெற்றியும் பெற்றார். அதன் பின்னர் வயது கருதி அவருக்குச் சவாரி உரிமம் மறுக்கப்பட்டது. குதிரையைப் பயிற்றியவர் கில்கெனி மாவட்டத்துப் பாடி மலின்ஸ். அவர் சொற்சுருக்கம் உடையவர். ஹில் அம்மையாரோ பிடித்த பிடியை விடாதவர். இவ்விருவருக்குமிடையே குதிரையில் யார் ஏறுவது என்னும் விடயத்தில் அடிக்கடி இழுபறி நிகழ்ந்தது. பாடி மலின்சின் மகன் ரோனி மலின்ஸ் வழக்கமாக ஏறிவந்தார். பெரிய பந்தயங்கள் வந்தபோது ஹில் அம்மையார் அவரை விலக்கி, அனுபவம் மிக்க ஜொன்ஜோ ஓனீல் என்பவரை அமர்த்தினார்.

1983ஆம் ஆண்டு டோன் றன் புதுமுகக் குதிரை. புதுமுகம் என்பதற்கு இங்கு ஒரு வரையறை உண்டு. அப்பந்தயப் பருவம் தொடங்குமுன் படல் தாண்டி ஒரு வெற்றியேனும் பெறாத குதிரையே புதுமுகம் எனப்படும். அக்காலத்திற் பெண்குதிரைகளுக்கெனச் செல்ற்றனத்தில் தனிப் பந்தயம் இல்லை. ஆகவே டோன் றன் ஆண்குதிரைகளோடு புதுமுகப் பந்தயத்தில் ஓடியது. சபான் டு லுவார் என்னும் குதிரைக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. இரண்டாவதாக வந்த பெண்குதிரைதானே என்று அதனைச் சிறுமையாக மதித்தவர் உண்டு. சில கிழமைகளுக்குள் லிவர்பூலுக்கு அண்மையிலுள்ள எயின்றியிலே ஒருநாள் ஒரு பந்தயத்தை வென்றுவிட்டு, மறுநாளே அந்த ஆண்டின் வாகைக் குதிரையாகிய கே பிறீவை எதிர்த்து ஓடி, மிகச் சிறிய இடைவெளியில் இரண்டாவதாக வந்தது. அடுத்தடுத்த இரு நாள்களில் இவ்வாறு ஓடுவது குதிரைக்குக் கடுஞ்சோதனை. அன்று ஏட்டைக் கூர்ந்து நோக்கியவர்கள், சென்ற மாதத்துத் தோல்வி உண்மையில் எத்தகைய தோல்வி என்று மறுபடி எண்ணத் தலைப்பட்டனர்.

அவ்வாண்டு மார்கழியில் கெம்ப்ரன் திடலிற் கே பிறீவை டோன் றன் ஒரு கழுத்தளவில் வென்றது. 1984 மார்ச்சில் வாகைப் படல் பந்தயத்தை, சீமா என்னும் குதிரையை முக்கால் நீளத்தாற் பின்னிறுத்தி வென்றது. அயர்லாந்தின் வாகையையும், அதே ஆண்டு யூனில் பாரிசு நகரத்து ஓற்றைத் திடலிற் பிரான்சு நாட்டு வாகையையும் பெற்றது. ஒரே குதிரை மூன்று நாட்டு வாகையையும் சூடியது அதுவே முதன்முறை. பின்னர்ப் படலை விட்டு வேலி தாண்டும் பந்தயத்திற் புகுந்தது. காற்காயம் ஒன்று அதனை ஓராண்டுக்கு மேல் நிறுத்தி வைத்தது. 1986 சனவரியிற் செல்ற்றனத்தில் நடந்த ஒரு முன்னோட்டத்தில் அது ரோனி மலின்சைக் கீழே தள்ளிவிட்டது. இவற்றையெல்லாம் கூட்டிக் கணித்தவர்கள், செல்ற்றனம் பொற்கிண்ணப் பந்தயம் இதற்கு ஆகாது என்றனர். வேலி தாண்டும் பந்தயத்தில் அதற்கு இருந்த அனுபவம் நான்கே ஓட்டங்கள்.

1986 மார்ச்சுப் பொற்கிண்ண ஓட்டம் பலராலும் மீண்டும் மீண்டும் பேசப்படுவது. தொடக்கம் முதல் முன்னணியில் ஓடிய டோன் றன், முடிவை நெருங்கும் வேளையிற் பின்தள்ளப்பட்டது. வேவேட் லாட் என்னும் குதிரை முன்னேறிச் சென்றது. கடைசி வேலியையும் தாண்டியாயிற்று. எஞ்சியது வெற்றிக் கம்பம் வரையுள்ள ஏற்றம் ஒன்றே. செல்ற்றனத்து ஏற்றம் களைத்த குதிரையைக் கொல்லும் என்பர். அந்த ஏற்றத்திலே, தோற்றதென்று எல்லோரும் கைவிட்ட பெண்குதிரை மீண்டும் எழுந்து ஓடி ஒரு நீளத்தால் வென்றது. ஓட்டக் காலத்திலும் புதிய பதிவை நிலைநாட்டியது. படல் வாகையையும் பொற்கிண்ணத்தையும் ஒருங்கே பெற்ற குதிரை அதுவன்றி வேறொன்று 2025 வரையும் இல்லை. 5 இறாத்தற் சலுகை இல்லையேல் வேவேட் லாட்டே வென்றிருக்கும் என்று சிலர் அன்றே கணக்குக் காட்டினர். கணக்குப் பிழையன்று. ஆயினும், விதி வகுத்த நிறையைச் சுமந்து விதிப்படி ஓடிய குதிரையிடம் வேறென்ன கேட்பது?

மூன்று திங்கள் கழிந்தன. 1986 யூனில் டோன் றன்னை மீண்டும் பாரிசுக்குக் கொண்டுசென்று, இரண்டாண்டுகளுக்கு முன் வென்ற அதே பந்தயத்தில் ஓடவிட்டனர். அங்கே ஒரு தடையில் வீழ்ந்து, கழுத்து முறிந்து, அவ்விடத்திலேயே அது உயிர்விட்டது. அப்போது அதன் வயது எட்டு. ஒரு குட்டியும் ஈனவில்லை. பொற்கிண்ணம் வென்றதும் அதனைப் பண்ணைக்கு அனுப்பியிருக்கலாகாதா என்று அயர்லாந்தில் ஏங்காதவர் இல்லை. அதன் வெண்கலச் சிலை செல்ற்றனம் திடலில், குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்தருகே நிற்கிறது.

டோன் றன்னின் புகழாற் பெண்குதிரைகளின் நிலை உடனே மாறிவிடவில்லை. பத்தாண்டு கழித்து ஹெரவட்சயர் உழவர் குடும்பம் ஒன்றின் பிளேக்கி டவ் வென்றது. பின்னர் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட வெறுமை. இந்நிலையைக் கண்ட பந்தய ஆட்சியாளர், பெண்குதிரைகளைப் பயிற்சியில் வைத்திருப்பதற்கு ஊக்கம் வேண்டும் என உணர்ந்து தனிப் பந்தயங்களை வகுக்கலாயினர். 2008இற் செல்ற்றனத்திற் பெண்குதிரைகளின் படல் பந்தயம் தொடங்கியது. கெவேகா என்னும் பிரெஞ்சு நாட்டுப் பெண்குதிரை அதனை 2009 முதல் 2014 வரை ஆறாண்டு தொடர்ந்து வென்றது. 2016இற் புதுமுகப் பெண்குதிரைகளுக்கான பந்தயம் ஏற்பட்டது. 2021இல் வேலி தாண்டும் பந்தயமும் அவற்றிற்கென வந்தது. இவை சலுகைப் பந்தயங்கள், வலிய பெண்குதிரைகளை எளிய வழியிற் செல்லவிடுபவை என்று குறைகூறுவோர் உளர். வரலாறு அவர்களுக்கு விடையளித்துள்ளது. வாகைப் படல் பந்தயத்தை 2015 வரை மூன்றே முறை வென்ற பெண்குதிரைகள், 2016 முதல் 2025 வரையுள்ள பத்து ஓட்டங்களில் ஐந்து முறை வென்றன. 2016இல் அன்னி பவர், 2020இல் ஏப்பதாந்த், 2021இலும் 2022இலும் ஹணிசக்கிள், 2025இற் கோல்டன் ஏஸ். பயிற்சி கிடைத்தது, வெற்றியும் வந்தது.

புதுமுகப் பெண்குதிரைகளின் பந்தயம் இரண்டு மைலுக்குச் சற்றே மிகுந்த தூரமுடையது. படல்கள் எட்டு. நான்கு வயதும் அதற்கு மேலுமான பெண்குதிரைகள் ஓடலாம். முதல் ஐந்தாண்டும், அதாவது 2016 முதல் 2020 வரை, அதனை வென்ற குதிரைகள் எல்லாவற்றையும் பயிற்றியவர் ஒருவரே. அவர் வில்லி மலின்ஸ், பாடி மலின்சின் மூத்த மகன். தந்தை பயிற்றிய குதிரையின் பெயரிலமைந்த பந்தயத்தை மகன் ஐந்து முறை தொடர்ந்து வென்றது பந்தய வரலாற்றில் அரிய நிகழ்ச்சி.

இப்பந்தயத்தில் ஓடவிருக்கும் குதிரைகளை மதிப்பிடுவது ஏனைய பந்தயங்களிலும் கடினம். ஏன் எனில், புதுமுகக் குதிரைக்குப் பழைய ஏடு இல்லை. இரண்டு மூன்று படல் ஓட்டங்கள், அதற்குமுன் தடையில்லாத சில பயில் ஓட்டங்கள், இவ்வளவே கையிலுள்ள சான்று. அச்சான்றையும் அப்படியே ஏற்றல் ஆகாது. இருபது நீளத்தால் வென்றது என்று ஏடு கூறும். யாரை வென்றது என்று கேட்டால், பின்னர் ஓரிடத்திலும் வெல்லாத குதிரைகளை என்று தெரியவரும். அரை நீளத்தாற் தோற்றது என்று இன்னொன்றைப் பற்றிக் கூறும்; அதை வென்ற குதிரையோ நாட்டின் தலைசிறந்ததாயிருக்கும். ஒரு வகுப்பில் முதலாம் பிள்ளையையும் வேறொரு பாடசாலையின் ஐந்தாம் பிள்ளையையும் ஒரே தேர்விற் சந்திக்க வைப்பது போன்றது இது. அயர்லாந்திலிருந்து வரும் குதிரைகளையும் இங்கிலாந்தினவற்றையும் பிரான்சிலிருந்து வாங்கி வந்தவற்றையும் ஒரே தராசில் நிறுப்பது இதனினும் கடினம். அவை முன்னர் ஒன்றோடொன்று ஓடியவை அல்ல.

தரையின் ஈரம் ஒரு முக்கிய பொருள். மார்ச்சு மாதத்து இங்கிலாந்தில் ஒரு மழை பெய்தாற் கணக்கெல்லாம் மாறிவிடும். சேற்றில் உழன்று ஓடும் வலிமையுடையது வேறு. உலர்ந்த தரையிற் பறந்து செல்லும் விரைவுடையது வேறு. திடலின் அமைப்பும் நோக்கத்தக்கது. இப்பந்தயம் நிகழும் புதிய சுற்றில், கடைசி ஏழு பர்லாங்குத் தூரத்தில் இரண்டு படல்களே உள்ளன. ஆதலால் முடிவிலே தாண்டும் நயத்தைவிடச் சமதளத்து ஓட்ட விரைவே பெரிதும் உதவுகிறது. அதன்பின் அந்த ஏற்றம். விரைவு மட்டும் உடையது ஏற்றத்தில் நின்றுவிடும். வலிமை மட்டும் உடையது ஏற்றம் வருமுன்னரே பின்தங்கிவிடும். இனி, முன்னர் உயர்தரப் பந்தயம் வென்ற குதிரை மேலதிக நிறை சுமக்க வேண்டும் என்பது விதி. வென்றதற்குத் தண்டமா என்று கேட்கலாம். புதுமுகங்களுக்கிடையே சமநிலை வேண்டும் என்பதே விடை. குதிரையின் மனநிலையும் ஒன்று உண்டு. அமைதியான நாட்டுப்புறத் திடல்களில் நன்றாக ஓடிய இளங்குதிரை, செல்ற்றனத்துப் பெருங்கூட்டத்தின் ஆரவாரம் கேட்டதும் வியர்த்து, வலிமையை ஓட்டம் தொடங்குமுன்னரே இழந்துவிடுவதுண்டு. இதனை எந்த ஏட்டிலும் எழுதிவைக்க முடியாது.

2018ஆம் ஆண்டிற் கணக்குப் பார்த்தவர்கள் மகிழ்ந்தனர். எல்லோரும் நம்பிய லோறீனா 18 நீளத்தால் வென்றது. அடுத்த ஆண்டின் வாகை அதற்கே என்று பலரும் பேசினர். அடுத்த ஆண்டு வந்தது, வாகைப் படல் பந்தயத்தில் லோறீனா ஓடியது, வெல்லவில்லை.

2019இன் புதுமுகப் பந்தயம் இதனிலும் நல்ல பாடம். பணம் வைத்தவர்கள் பெரிதும் நம்பியது பிரான்சிற் பிறந்து, இங்கிலாந்தில் நிக்கி ஹென்டர்சன் பயிற்றிய ஏப்பதாந்த். அது முன்னணியிற் காணப்படாமல் ஒன்பதாவதாக வந்தது. வென்றது எக்லந்தீன் டு சூய். ஒன்றுக்கு ஐம்பது தருவோம் என்று பந்தயக் கடைக்காரர் அலட்சியமாகக் கூறிய குதிரை. அதனிடம் மிகச் சிறிய தலையளவில் தோற்ற கொன்செர்ற்றிஸ்ராவுக்கோ ஒன்றுக்கு அறுபத்தாறு. இவ்விரண்டும் மலின்சின் லாயத்தவை. நிபுணர் எழுதிய பத்திகளை அன்று மாலை எடுத்துப் படித்தவர்கள் நகைத்திருப்பர். ஆனால் அந்நகைப்பும் ஓராண்டே நிலைத்தது. 2020இல் அதே புதுமுகப் பந்தயத்தில் மீண்டும் ஓடிய கொன்செர்ற்றிஸ்ரா 12 நீளத்தால் வென்றது. முதலாண்டில் தோற்றமையாலும், இடையில் வெற்றி பெறாமையாலும் அது இன்னும் புதுமுகமாகவே இருந்தது. அதே விழாவில், ஒன்பதாவதாக வந்து ஏளனத்துக்கு ஆளான ஏப்பதாந்த் ஆண்குதிரைகளை எதிர்த்து ஓடி வாகைப் படல் பந்தயத்தையே வென்றது. ஆகவே 2019இல் ஏப்பதாந்தை உயர்வாக மதித்தவர்கள் குதிரையின் தரத்திற் பிழை விடவில்லை. அந்த ஒரு பிற்பகலிலேதான் பிழைத்தனர்.

அவ்வாண்டு அப்பந்தயத்திற்கு வராமலே விட்ட குதிரை ஒன்றையும் கூற வேண்டும். ஹென்றி டி பிறோம்ஹெட் பயிற்றிய ஹணிசக்கிள் அப்பருவத்துப் புதுமுகங்களுள் ஒன்று. அது செல்ற்றனத்திற்குச் செல்லாமல், 2019 ஏப்பிரலில் அயர்லாந்தின் பெயரிஹவுஸ் திடலிற் புதுமுகப் பெண்குதிரைகளின் இறுதிப் பந்தயத்தை வென்றது. பின்னர் றேச்சல் பிளாக்மோர் அம்மையார் அதன்மேல் ஏறி 2021இல் வாகைப் படல் பந்தயத்தை வென்றார். அப்பந்தயத்தை வென்ற முதற் பெண் ஜொக்கி அவரே. அறுபது வயதைக் கடந்தபின் உரிமம் மறுக்கப்பட்ட ஹில் அம்மையார் இதனைக் காண உயிரோடு இல்லை. 2021இலும் 2025இலும் டோன் றன்னின் பெயரிலுள்ள பந்தயத்தை வென்ற குதிரைகளில் ஏறியவரும் பிளாக்மோரே.

2024 மார்ச்சு. இப்பந்தயத்தின் முன்னணிக் குதிரைகள் மூன்று. முதலாவது, ஃபேர்கல் ஓபிறையன் பயிற்றிய டைசாட் ஈனோஸ். இங்கிலாந்தின் நம்பிக்கை முழுவதும் அதன்மேல் இருந்தது. பந்தயம் நெருங்கிய வேளையிற் காலில் நொண்டல் காணப்பட்டதால் அது விலக்கப்பட்டது. இரண்டாவது, அயர்லாந்திற் கோடன் எலியற் பயிற்றிய பிறைற்றர்டேஸ்அஹெட்; ஒளிமிக்க நாள்கள் முன்னே உள்ளன என்பது அப்பெயரின் பொருள். அது வரையில் தோல்வியே அறியாதது. மரபோ மிகச் சிறந்தது. அதன் தாய் ஈன்ற மற்றொரு குட்டியாகிய கோல்ட்வெல் பொற்றர் அவ்வாண்டு பெப்ரவரியில் 740,000 யூரோவுக்கு ஏலத்தில் விலைபோனது. எந்த வகையில் நோக்கினும் பிறைற்றர்டேஸ்அஹெட்டையே முதலிடத்தில் வைக்க வேண்டும் என்பது அன்றைய தீர்ப்பு. அத்தீர்ப்பு நியாயமானதே.

மூன்றாவது, கோல்டன் ஏஸ். சொமசெற் மாவட்டத்து உழவரும் பயிற்றுநருமான ஜெரமி ஸ்கொற்றின் சிறிய லாயத்திலிருந்து வந்தது. பெரிய லாயங்களில் நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகள் நிற்கும் காலத்தில் இத்தகைய லாயத்தின் குதிரையை எவரும் இரண்டாம் முறை நோக்குவதில்லை. ஆயினும் அதன் தந்தை கோல்டன் ஹோண் 2015இல் எப்சம் டேபியையும் பிரான்சின் ஆர்க் பந்தயத்தையும் வென்ற சமதளக் குதிரை. கடைசிப் பகுதியிற் படல் குறைந்த சுற்றில் சமதள விரைவு உதவும் என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் ஒருவேளை அதன் பெயரைக் குறித்து வைத்திருக்கலாம். லோர்க்கன் வில்லியம்ஸ் என்னும் இளம் ஜொக்கி ஏறினார். கடைசி ஏற்றத்திற் கோல்டன் ஏஸ் பிறைற்றர்டேஸ்அஹெட்டை விஞ்சி வென்றது.

தோற்ற குதிரையே சிறந்தது என்னும் கருத்து அதன் பின்னரும் மறையவில்லை. மறையாமைக்குக் காரணமும் இருந்தது. 2024 மார்கழியிற் டப்ளின் நகரத்து லெப்பட்ஸ்ரவுன் திடலில், அவ்வாண்டின் வாகைக் குதிரையாகிய ஸ்ரேற் மான் உள்ளிட்டவற்றை எதிர்த்து ஓடிப் பிறைற்றர்டேஸ்அஹெட் 30 நீளத்தால் வென்றது. ஆண்குதிரைகளை ஒரு பெண்குதிரை அவ்வளவு தூரம் பின்னிறுத்தியது டோன் றன்னின் நாள்களை நினைவூட்டியது. ஆகவே 2025 மார்ச்சு 11ஆம் நாள் வாகைப் படல் பந்தயத்திற்கு ஏழு குதிரைகள் வந்தபோது பேச்செல்லாம் மூன்றைப் பற்றியே: 2023இன் வெற்றிக்குதிரை கொன்ஸ்ரிற்றியூசன் ஹில், 2024இன் வெற்றிக்குதிரை ஸ்ரேற் மான், மூன்றாவதாகப் பிறைற்றர்டேஸ்அஹெட். கோல்டன் ஏசின் மேல் ஒன்றுக்கு இருபத்தைந்து. அதனைப் பெண்குதிரைகளின் பந்தயத்தில் ஓடவிடலாம் என்று பயிற்றுநர் எண்ணியிருந்தார். வாகைப் பந்தயத்திலேதான் ஓட வேண்டும் என்று உடையவர் உறுதியாக நின்றார்.

ஐந்தாம் படலிற் கொன்ஸ்ரிற்றியூசன் ஹில் வீழ்ந்தது. ஸ்ரேற் மான் முன்னேறிச் சென்று, வெற்றி உறுதி என்ற நிலையிற் கடைசிப் படலை அணுகியது; தாண்டும்போது அதுவும் வீழ்ந்தது. பின்னால் வந்த கோல்டன் ஏஸ் அப்படலைப் பழுதின்றித் தாண்டி, எதிரே எவருமில்லாத ஏற்றத்தில் ஓடி 9 நீளத்தால் வென்றது. வீழ்ந்த இரு குதிரைகளும் காயமின்றி எழுந்தன. பிறைற்றர்டேஸ்அஹெட் முதல் மூவருள் இடம்பெறவில்லை. இவ்வெற்றி அதிட்டத்தால் வந்தது என்று மறுநாட் செய்தித்தாள்கள் பல எழுதின. எட்டுப் படல்களையும் தாண்டுவதே இப்பந்தயம் என்று சில எழுதின. கோல்டன் ஏஸ் அதற்குள் சொமசெற்றில் தன் லாயத்தை அடைந்துவிட்டது.